முந்திக்கொண்ட சங்கு

அத்தியாயம் 5

ஆட்டோ ஓட்டுகிறவனுக்குக் கணினி எதற்கு என்று ஜெகன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவனை யாரும் கணினி முன்னால் உட்கார வைக்காததுதான் காரணம். இன்று வைத்துவிட்டார்கள். 2008 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. மெதிரிகந்தை ரப்பர்த் தோட்டத்து வாசகசாலையில் கால் ஆடுகிற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் ஒரு பெட்டரியையும் ஒரு பல்பையும் வரைந்து, கோடு போட்டு இணைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினான். கணினி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு வரி சிவப்பாகத் துப்பியது.

"என்னமோ திட்டுதே!"

"எர்த் போடலீங்கண்ணே" என்றாள் நிரோஷா. "மண்ணுல கால் வைக்காம வரைஞ்சா அது எதையுமே கணக்குப் பாக்காது."

"நம்ம தோட்டத்து ஆளுகளுக்கு ஏது சொந்த மண்ணு? அத யாராச்சும் இதுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

பின்னால் நின்ற செலினா சிரிக்கவில்லை. கருப்பட்டியை ஒரு கடி, பிளேன்டீயை ஒரு மிடறு என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். புளத்கொகுபிட்டிய பஸாரில் டெலிபோனும் போட்டோ கொப்பியும் வைத்து 'செலினா கொமியூனிகேஷன்' நடத்துகிறவர் அவர். பெயர்ப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: 'காணாமல் போனது, களவு போனது, ஏன் என்று தெரியாதது விசாரித்துத் தரப்படும்.' மேல் வரி சோறு போட்டது, கீழ் வரி பேர் வாங்கிக் கொடுத்தது. போன வருடம் கோயில் மணியைத் தொலைத்துவிட்டு ஊரே ஆளுக்கொரு பக்கம் அலைந்தபோது, அது தொலையவே இல்லை என்று கண்டுபிடித்தவர். ஜெகன் அவருடைய ஆட்டோக்காரன், உதவியாளன், வாய் ஓயாத வானொலி.

"எழும்பு ஜெகன். நீ பல்பு எரிக்க வரல. நிரோஷா, ரெண்டு மணிக்கு என்ன நடக்கப் போவுதுன்னு இன்னொருக்கா சொல்லு. இவன் பள்ளத்தையே பாத்துக்கிட்டு வந்தான், காதுல விழுந்திருக்காது."

நிரோஷா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். இருபத்து மூன்று வயது. இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"ரெண்டு மணிக்குத் தோட்டத்து மேனேஜர் ஹேரத் துரை சங்குக் கொட்டகைக்கு வருவாரு. திங்கக்கெழம சங்கு ஏன் முந்தி ஊதுச்சுன்னு நான் காரணம் சொல்லணும். சொல்லலேன்னா எனக்குத் தர்றேன்னு சொன்ன எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வெளியாளப் போட்டுருவாரு. அந்த ஆளுக்கு லெட்டர் டைப் அடிச்சு மேசையில கெடக்குது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அப்புறம் நான் கொழும்புக்கு, கார்மென்டுல தைக்கப் போவ வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். ரப்பர் மரத்தைக் காலையில் சீவிவிட்டால் நாலு மணி நேரம் பால் சொட்டும். அது முடிந்ததும் சங்கு ஊத வேண்டும். சங்கு கேட்டதும் பால் வெட்டுகிற பெண்கள் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் சிரட்டைகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டு, பால் நிறுக்கிற ஸ்டோருக்கு இறங்குவார்கள். மழை பெய்த காலைகளில் மரம் காய்ந்த பிறகுதான் வெட்டு தொடங்கும். ஆகவே இத்தனை மணிக்கு என்று கடிகாரத்தைப் பார்த்து ஊத முடியாது, வெட்டு தொடங்கியதிலிருந்து நாலு மணி நேரம் எண்ண வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அப்படி எண்ணி, கைப்பிடி வைத்த கைச்சங்கைச் சுற்றி ஊதியவர் அழகமுத்து. போன மாதம் நிரோஷா ஒரு பெட்டி செய்து கொட்டகையில் மாட்டினாள். வெட்டு தொடங்கும்போது பொத்தானை அமுக்கினால் போதும், நாலு மணி நேரத்தில் மின்சாரச் சங்கு தானாக ஊதும்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஊதியது. இந்தத் திங்கட்கிழமை இரண்டு மணி பத்து நிமிடத்திலேயே ஊதித் தொலைத்தது. சங்கு ஊதினால் இறங்குவதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்கவில்லை. பாதி நிறைந்த சிரட்டைகளோடு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மீதிப் பால் காலிச் சிரட்டையில் சொட்டி ஒட்டுப்பாலாக இறுகிப் போயிற்று. நிறுவை குறைந்தது, மலை முழுக்க அன்றைக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். மூக்காயி என்கிற மூத்த தொழிலாளி அன்று மாலை தண்ணீர்ப் பீலியிலிருந்து நிரோஷா வீட்டு வாசல்வரை நடந்து வந்து வைத வசவை லயத்து வீடுகளின் பிள்ளைகள் இன்னும் மனப்பாடமாகச் சொல்கின்றன.

"சரி, இந்தக் கம்பியூட்டர் வித்தையக் காட்டு" என்றார் செலினா. "எனக்கும் வெளங்குற மாதிரி."

"இது காசில்லாத மென்பொருளுங்க அக்கா. யாரும் எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், கொறை இருந்தாத் திருத்தலாம். ஒரு சிடியில வந்துச்சு. சாமான் வாங்கி ஈயச் சூடு வைக்கிறதுக்கு முந்தியே சர்கியூட்ட இதுல வரைஞ்சு ஓட்டிப் பாத்துரலாம்."

"பஸார்ல ஸம்சுதீன் நானா இந்தச் சிடியக் கொப்பி அடிக்கவே பயந்தாரு" என்றான் ஜெகன். "காசு கேக்காமக் குடுக்குறான்னா என்னமோ வில்லங்கம் இருக்குன்னாரு. அவரு கடையிலயே திருட்டு இல்லாத சிடி இது ஒண்ணுதான்."

நிரோஷா தன் மின்சுற்றைத் திரையில் திறந்தாள். கோடுகளும் கட்டங்களும் ஜெகனுக்கு லயத்துக் கூரைகளை மேலிருந்து பார்ப்பது போலிருந்தன.

"இந்த ரெண்டு கோடு கண்டென்சர். இத ஒரு பால் சிரட்டைன்னு வச்சிக்கங்க. இந்த வளைஞ்ச கோடு ரெசிஸ்டர், அதுதான் மரத்துல அடிக்கிற தகரப் பீலி. கரண்டு பீலி வழியாச் சொட்டுச் சொட்டாச் சிரட்டையில விழும். சிரட்டை நெறஞ்சா கவுந்துரும். கவுந்தா இந்த ஐசி ஒண்ணுன்னு எண்ணும். மறுபடி நெறையும், மறுபடி கவுறும். எட்டாயிரத்து நூத்திச் சொச்சம் எண்ணி முடிச்சா நாலு மணி நேரம். சங்கு ஊதும்."

செலினா கிளாஸைக் கீழே வைத்தார். "அட, இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே!"

நிரோஷா ஓட்டினாள். நாலு மணி நேரம் முக்கால் நிமிடத்தில் ஓடி முடிந்தது. கீழே எண் வந்தது: சரியாக நாலு மணி நேரம்.

"இங்க எத்தன தடவ ஓட்டினாலும் சரியாத்தான் வருது. மேட்டுக் கொட்டகையிலதான் தப்பாப் போச்சு. தோட்டம் பூரா அழகமுத்து மாமாவத்தான் சொல்லுறாங்க. பெட்டி வந்து அவரு வேலையப் புடுங்கிருச்சு, அதுனால கை வச்சிட்டாருன்னு."

"நீ என்னா நினைக்கிற?"

"நான் எதையும் நினைக்கலீங்க" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. "அவரு நல்ல மனுசன்."

"நல்ல மனுசங்கதான் நம்மகிட்ட ஆப்புடுவாங்க" என்று ஜெகன் சாவியை எடுத்தான். "வாங்க, கையும் களவுமாப் புடிப்போம்."

ஆட்டோவின் கூரைச் சீலை ஒழுகியது. புதன்கிழமை ராத்திரி கொட்டிய மழையில் விழுந்த கிழிசல் அது, காலைத் தூறலில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு சரியாகச் செலினாவின் மடியில் விழுந்தது. அவர் கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டார். பால் ஸ்டோர் ஓயா ஆற்றுக்குப் பக்கத்தில் கீழேயே நின்றுவிட, பாதை அரை மைல் ஏறி மேட்டுக்குப் போனது. மேட்டின் உச்சியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஓரமாகப் பழைய கைச்சங்கு, சுவரில் பெட்டி, கூரைக்கு மேலே ஒலிபெருக்கி.

அழகமுத்து காக்கிக் கால்சட்டையோடு வாசலில் நின்றார். "வாங்க, வாங்க. பெட்டிய மட்டும் தொட்டுறாதீங்க, சீல் இருக்கு. திங்கக்கெழம சாயந்தரம் துரையே வச்சாரு."

பொத்தானை மட்டும் வெளியே விட்டு, பெட்டியைக் கம்பியால் சுற்றி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை குத்தியிருந்தது. செலினா மூக்குக்கண்ணாடியை ஏற்றி முத்திரையை நான்கு பக்கமும் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"பொட்டு வச்சிருக்காரே, பகையாளி பொட்டு வைப்பானா?" என்று செலினா மெல்லக் கேட்டார்.

"செத்த ஆளுக்கும் வைப்பாங்க அக்கா" என்று அதைவிட மெல்லச் சொன்னான் ஜெகன். பிறகு குரலை உயர்த்தி, சினிமாப் பொலிஸ்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்தான். "மாமா, இந்தப் பெட்டி வந்ததுல ஒங்களுக்குக் கோவம்தானே?"

"கோவமா?" அழகமுத்து திரும்பி நின்று தோளைக் காட்டினார். வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. "இருவத்திரெண்டு வருசம் சுத்துனது. இப்ப ஒரு வெரலால அமுக்குறேன், சம்பளமும் அதேதான். எனக்கு என்னாத்துக்குக் கோவம்?"

ஜெகன் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கதவின் உட்பக்கம், பொத்தானை அமுக்கியதிலிருந்து பெட்டி ஊதும்வரை ஆன நேரம் சோக்கால் எழுதியிருந்தது. திங்கள் 2.10. செவ்வாய் 3.05. புதன் 3.40. வியாழன் 4.00. வியாழனுக்குப் பக்கத்தில் ஐந்து இதழோடு ஒரு பூ.

"தொழிலாளிகளுக்குக் கைச்சங்குதான் ஊதணும், இது என்னா பண்ணுதுன்னு மட்டும் பாத்து எழுதி வையின்னாரு துரை" என்றார் அழகமுத்து. "பூவு நான் போட்டது."

"நேத்துச் சரியாப் போச்சுன்னா?"

"ஆமாங்க. நாளாக நாளாகச் சரியாகும்னு எனக்குத் தெரியும்."

"பாத்தீங்களா அக்கா?" ஜெகன் துள்ளினான். "இவருக்கு முந்தியே தெரியுமாம்!"

அழகமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, மரம் காய்ந்துவிட்டதா பார்க்க வேண்டும் என்று எதையோ சொல்லி வெளியே போய்விட்டார். மரம் எப்போதோ காய்ந்துவிட்டது. பத்து ஐந்துக்கே வெட்டு தொடங்கி, பொத்தானை அமுக்கியதும் அவரேதான்.

செலினா மேலே பார்த்தார். கூரைத் தகரத்தில் ஓர் ஆணி கழன்று ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் வட்டமாகப் பெட்டியின் தலையில் விழுந்து கிடந்தது. பெட்டியின் தலையிலேயே வயர் நுழைகிற துளையும் இருந்தது. ஜெகன் அந்தத் துளையில் கண்ணை வைத்தான், இருட்டு. மூக்கை வைத்தான், தும்மினான்.

"ச்சை, பால் ஸ்டோர் வாட! அமோனியா! இந்தத் தோட்டத்துல எங்க மூக்க வச்சாலும் இதே வாடதான். கலியாணப் பந்தியில சோறும் இதே வாடதான் வீசும்."

செலினா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி வெறுங்காலோடு நடந்தார். அவர் செருப்பைக் கழற்றினால் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

வாசகசாலைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு.

"நிரோஷா, ஒரே மரத்துல யாரோ ரெண்டாவது பீலி ஒண்ணு அடிச்சிட்டாங்கன்னு வையி. அதே சிரட்டைக்கு. அப்ப என்ன ஆவும்?"

"சீக்கிரமா நெறையும். சீக்கிரமா எண்ணும். சங்கு முந்தும்." சொல்லிக்கொண்டே அவள் விரல் ஓடியது. வளைந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைந்த கோடு. எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினாள். ஆறாவது ஓட்டத்தில் திரையில் 2.10 வந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். "ரெண்டாவது பீலி கிட்டத்தட்ட மொதப் பீலி அளவே இருந்தா, திங்கக்கெழம மாதிரியே வருதுங்க!"

"செவ்வாக்கெழமைக்குப் போடு."

கொஞ்ச நேரம் பிடித்தது. "மூணுல ஒரு பங்குதான் வழிஞ்சிருக்கு."

"புதன்?"

"நூல் மாதிரி. பத்துல ஒண்ணுகூட இல்ல. வியாழக்கெழம அந்தப் பீலியே இல்ல."

ஜெகன் தொடையைத் தட்டினான். "புரிஞ்சுபோச்சு! மாமா மொத நாள் பெரிய சாமானப் போட்டாரு. மனசு கேக்கல. அடுத்த நாள் கொஞ்சம் சின்னது. அப்புறம் அதவிடச் சின்னது. வியாழக்கெழம திருந்திட்டாரு."

"தவணை முறையில திருந்துற ஆள நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றார் செலினா. "அதவிடு. திங்கக்கெழம சாயந்தரமே சீல் வச்சாச்சு. அரக்குல கீறல் இல்ல. பெட்டிக்குள்ள யாரும் கை விடல, ஆனா உள்ள இருக்கிறது நாளுக்கு நாள் மாறுது. ஆள் தொடாம தானா மாறுறது என்னா?"

நிரோஷா திரையைத் துழாவினாள், ஜெகன் கூரையைத் துழாவினான்.

"சரி, போவட்டும். ஜெகன், மேட்டுல மூக்க வச்சதும் ஒரு பகிடி விட்டியே, அது என்னா?"

"எங்க மூக்க வச்சாலும் பால் ஸ்டோர் வாடன்னு..."

"பால் ஸ்டோர் எங்க இருக்கு?"

"ஓயாக் கரையில."

"கொட்டகை?"

"அரை மைல் மேல" என்று சொல்லிவிட்டு ஜெகன் வாயைத் திறந்தபடி நின்றான். தன் பகிடி தனக்கே தடயமாக முடிந்த அதிர்ச்சி அவனுக்கு இதுவே முதல் தடவை.

செலினா நிரோஷாவின் பக்கம் திரும்பினார். "பெட்டிய மாட்டுனப்போ அழகமுத்துகிட்ட என்ன சொன்ன? வார்த்த மாறாமச் சொல்லு."

"என்னா சொன்னேன்... 'மாமா, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் இது செத்துரும், ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்'னு சொன்னேன்."

"அய்யோ பாவம்!" என்றார் செலினா. யாருக்குப் பாவம் என்று சொல்லவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு ஹேரத் துரை கொட்டகை வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கினார். தொப்பி, பிரம்பு, கையில் ஒரு நீளமான கவர். அந்தக் கவரைப் பார்த்ததும் நிரோஷாவின் முகம் வெளிறியது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கோபம் வந்தால் மட்டும் சிங்களம் முந்தும்.

"ஹரி, சரி, காரணம் சொல்லு."

"துரை, பெட்டிய இன்னும் திறக்கல" என்று செலினா முன்னால் வந்தார். "திறக்கறதுக்கு முந்தி உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்றேன். தப்பா இருந்தா நாங்க பேசாமப் போயிடுறோம். உள்ள சர்கியூட்டு மேல பூரா ரப்பர் பால் பூசியிருக்கு. உறையாம இருக்க அமோனியா போட்ட ஸ்டோர்ப் பாலு. ஞாயித்துக்கெழம பூசுனது."

துரையின் பிரம்பு காற்றில் நின்றது.

"காஞ்ச ரப்பர்ல கரண்டு பாயாது. அது ஒங்களுக்கே தெரியும். ஆனா பச்சப் பால்ல பாதிக்கு மேல தண்ணி. ஈரமா இருக்கும்போது கரண்டு அது வழியா வழியும். அதுதான் ரெண்டாவது பீலி. திங்கக்கெழம நல்ல ஈரம், ரெண்டு மணி பத்து நிமிசத்துலயே ஊதுச்சு. செவ்வாக்கெழம கொஞ்சம் காஞ்சுது. புதன் இன்னும் காஞ்சுது. வியாழக்கெழம முழுசாக் காஞ்சுது, நாலு மணி நேரம் ஆச்சு. இந்தப் புள்ள கம்பியூட்டர்ல ஓட்டிக் காட்டின கணக்கும், கதவுல எழுதியிருக்கிற கணக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. அவ வரைஞ்சதுல பிழையில்ல."

துரை கதவைப் பார்த்தார். பூவையும் பார்த்தார். பிறகு அழகமுத்துவைப் பார்த்தார். "கொட்டகைச் சாவி ஒங்கிட்டதானே? நீயா பூசுன?"

"நான்தாங்க" என்றார் அழகமுத்து. தலை குனியவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நிமிர்ந்தார். "ஞாயித்துக்கெழம மழ இருட்டிச்சு. ஒரு சொட்டு பட்டாலும் செத்துரும்னு புள்ள சொல்லிச்சு. ஓட்டத் தகரத்துக்குப் பாலுதான் பூசுவோம். கிழிஞ்ச செருப்புக்கும் பாலுதான். ஸ்டோர்லருந்து ஒரு ரின்னுல பாலு கொண்டாந்து பிரஷ்ஷால ரெண்டு கோட்டு பூசுனேங்க. திங்கக்கெழம பெட்டிக்கு என்னமோ காய்ச்சல், முந்தி ஊதிருச்சு. ஆனா பாலு காயக் காய அதுக்குச் சொகமாயிருச்சு பாத்தீங்களா? நான் பூசலேன்னா இன்னும் மோசமாப் போயிருக்கும்."

நோயைக் கொடுத்தவரே தன்னை வைத்தியரென்று நம்பி, நாள்தோறும் நாடி பார்த்து, குணமானதும் பூவும் வரைந்து வைத்திருக்கிறார். ஜெகன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது போலப் பாசாங்கு செய்தான்.

துரைக்குச் சிரிப்பு வரவில்லை. "மலை முழுக்க அரைப்பேர்! எல்லாம் உன்னால! ஒயா தமய் வரதகாரயா! நீதான் குத்தவாளி! நாளையிலருந்து நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. நிரோஷா, ஒன் மேல தப்பில்ல. வேலை ஒனக்குத்தான்."

நிரோஷா விரும்பியது கைக்கு வந்துவிட்டது. ஒரு 'சரிங்க துரை' சொன்னால் போதும். அவள் அழகமுத்துவின் இறங்கிய தோளைப் பார்த்தாள்.

"துரை, பெட்டியத் திறந்துட்டு முடிவு சொல்லுங்க" என்றாள். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. என் மேல."

துரை எரிச்சலோடு அரக்கை உடைத்தார், கம்பியை அவிழ்த்து மூடியை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு சிரட்டைத் தண்ணீர் சளக்கென்று அவருடைய சப்பாத்தில் கொட்டியது.

"மொகத மே?" என்று துள்ளிப் பின்வாங்கினார். "என்ன இது தண்ணி!"

உள்ளே சுற்றுப் பலகையும் பெட்டரியும் வெல்லப் பாகில் முக்கி எடுத்தது போல மஞ்சள் ரப்பருக்குள் பளபளத்துக்கொண்டிருந்தன. அதன் மேல் துளித்துளியாக ஈரம்.

"புதன் ராத்திரி மழைங்க" என்றாள் நிரோஷா. "கூரையில ஆணி ஓட்ட. அதுக்கு நேர் கீழ பெட்டியோட தலையில வயர் ஓட்ட. வயர் ஓட்டையக் கீழ போட்டிருக்கணும். மேல போட்டது நானு. கம்பியூட்டர்ல நான் எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தேன், ஆனா அதுல மழ பேயாதுங்க. மாமா பால் பூசலேன்னா புதன் ராத்திரியே பெட்டி செத்துப் போயிருக்கும். அவருக்கு வேலையில்லேன்னா எனக்கும் இந்த வேலை வேணாம்."

"செத்துத்தான் போயிருக்கு!" துரை சப்பாத்தை உதறினார். "இவ்வளவு தண்ணிக்குள்ள கெடந்து இது இனிமே ஊதுமா? ரெண்டு பேரும் போங்க. இன்னைக்கே வெளியாள..."

"துரை," செலினா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வெட்டு பத்து அஞ்சுக்குத் தொடங்குச்சு. பொத்தானும் அப்பதான் அமுக்குனாரு. இப்ப ரெண்டு மணி மூணு நிமிசம். ரெண்டே நிமிசம் பொறுங்க. நாலு நாள் பொறுத்தாச்சு."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கடிகாரம் இல்லாத ஜெகன் அடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே ஒரு ரப்பர் இலை தகரத்தில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள். அழகமுத்து பெட்டியைப் பார்த்து உதட்டை மெல்ல அசைத்தார், பிரசவ அறை வாசலில் நிற்கிற தகப்பன் மாதிரி.

இரண்டு நாலு. துரை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

இரண்டு ஐந்து.

சங்கு ஊதியது. தலைக்கு மேலேயே ஊதியதால் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, பேனா கீழே விழுந்தது, ஜெகன் ஒரே தாவலில் வெளியே நின்றான். கீழே மலைச்சரிவில் மூக்காயியின் குரல் கேட்டது. "இன்னைக்கும் முந்திருச்சா பாருங்கடி!" இன்னொரு குரல், "இல்லக்கா, சரியாத்தான் இருக்கு, கைச்சங்குக்கு மாமாவத்தான் காணோம்!" என்றது.

அழகமுத்து கைச்சங்கை நோக்கி ஓடினார். பாதி வழியில் நின்றார். ஓட வேண்டியதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சங்கு ஓய்ந்த பிறகு துரை பெட்டியையும், தன் சப்பாத்தையும், கதவிலிருந்த பூவையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு கவரை இரண்டாகக் கிழித்தார்.

"நிரோஷா, திங்கக்கெழம வேலைக்கு வா. மொத வேலை, ஓட்டையக் கீழ போடு. அழகமுத்து, ரெண்டாவது வேலை ஒனக்கு, கூரையில ஆணி அடி." ஜீப்பில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "இனிமே பால் பூசறதுன்னா ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூசு."

மாலை நாலு மணிக்கு வாசகசாலையில் எல்லோருக்கும் பிளேன்டீ. ஜெகன் எர்த் போட்டு, பல்பு போட்டு, ஒருவழியாகத் திரையில் கரண்டு பாய வைத்துவிட்டான். பார்க்க வாருங்கள் என்று மூன்று தடவை கூப்பிட்டான், யாரும் வரவில்லை.

நிரோஷா வேறொரு வேலையில் இருந்தாள். அந்த மென்பொருளில் இல்லாத சாமானை யார் வேண்டுமானாலும் புதிதாக வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். அவள் ஒன்றைச் சேர்த்தாள். சின்னதாக ஒரு சிரட்டைப் படம், ஒரு பக்கம் வயர் உள்ளே போய் மறுபக்கம் வருகிறது. ஈரமாக இருந்தால் எவ்வளவு கரண்டு விடும், காய்ந்தால் எவ்வளவு விடாது என்று நாலு நாளைக்கும் நாலு எண் கொடுத்தாள். பெயர் கேட்ட கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'அழகமுத்து' என்று அடித்தாள். பிறகு அச்சுப் பொறியில் போட்டு எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாமா, இனிமே ஒலகத்துல எவன் ரப்பர்த் தோட்டத்துல சர்கியூட் வச்சாலும், மொதல்ல ஒங்களப் போட்டு ஓட்டிப் பாத்துட்டுத்தான் வைக்கணும். நான் இத அந்த மென்பொருள் செஞ்ச ஆளுகளுக்கு அனுப்பப் போறேன்."

அழகமுத்து காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் பெயரின் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். இருபத்திரண்டு வருடம் சங்கு சுற்றியவரின் பெயரை இதுவரை யாரும் எதிலும் அச்சடித்ததில்லை. அவருடைய கண் நிறைந்தது. ஒரு துளி உருண்டு காகிதத்தில் விழப் போனது, சட்டென்று காகிதத்தை விலக்கிக்கொண்டார்.

"ஐயையோ, தண்ணி பட்டா அழிஞ்சிரும்ல?" என்றபடி எழுந்தார். "இருங்க புள்ள, ஸ்டோர்ல கொஞ்சம் பாலு மிச்சமிருக்கு. ரெண்டு கோட்டு பூசிக் கொண்டாந்துடுறேன்."